தேற்றமும் பிரிநிலையும்: ஆங்கிலத் தொடரும் தமிழ் இடைச்சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தென்பெண்ணைக் கரையில் அமைந்த திருக்கோவலூர், சொல்லின் அருமை அறிந்தவர்கள் நடமாடிய ஊர். நண்பன் பாரியை இழந்தபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற கபிலரின் வாழ்வு இவ்வூரோடு பிணைந்தது. பாரிமகளை மலையனிடம் ஒப்புவித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை, இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுச் சொல்கிறது. முதலாழ்வார் மூவரும் மழை பெய்த இரவொன்றில் ஓர் இடைகழியில் நெருங்கி நின்றதாக வைணவ மரபு போற்றும் ஊரும், மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊரும் இதுவே. இத்தகைய ஊரின் அவையில் ஆங்கில இலக்கணத்தின் ஒரு கூறு பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பைத் தரலாம்.

வியப்புக்கு இடமில்லை. வேற்றுமொழியாளர் ஒருவர்க்குத் தமிழின் இயல்பை உணர்த்த முனைந்தவர்களுள் கபிலர் முன்னவர். பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கும் பொருட்டு அவர் பாடியது என்று அப்பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் இலக்கண விதி எதுவும் ஓதப்படவில்லை. தோழி செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கும் முறையே அங்குப் பாடமாகிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் நிறுத்துவது, எதை அழுத்துவது, எதை அழுத்தாமல் விடுவது என்னும் அறிவே ஒரு மொழியின் உள்ளறிவு என்பதைக் கபிலர் உணர்ந்திருந்தார் என்று கொள்ளலாம். இன்றைய பேச்சின் பொருளும் அதுவே.

கல்லூரிகளில் மேல்நிலை ஆங்கில இலக்கணம் பயில்வோர்க்கு, வலியுறுத்திக் கூறும் தொடரமைப்புகள் என்றொரு பகுதி கற்பிக்கப்படுகிறது. மாணவர் அவற்றை வாய்பாடுகளாக மனப்பாடம் செய்கின்றனர்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அத்தொடர்கள் செய்யும் வேலையை அவர்கள் தாய்மொழியில் நாள்தோறும் பிழையின்றிச் செய்துவருகின்றனர் என்பதை எவரும் எடுத்துக் காட்டாமையே அதற்குக் காரணம். வலியுறுத்தல் என்பது குரலை உயர்த்துவது அன்று. ஒன்றைப் பிறவற்றினின்று பிரித்து நிறுத்துவதே வலியுறுத்தல். இதனை உணர்ந்தவர்க்கு ஆங்கிலத் தொடரும் எளிதாகும். தமிழ்க் கவிதையும் தெளிவாகும்.

ஆங்கிலம் கையாளும் வழிகள்

'புலி யானையைக் கொன்றது' என்பது ஒரு தொடர். 'யானையைப் புலி கொன்றது' என்று மாற்றினாலும் கொன்றது புலியே. வேற்றுமை உருபு காவல் இருப்பதால் சொற்கள் இடம்பெயரலாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய இரண்டாம் வேற்றுமைக் காவல் இல்லை. புலியையும் யானையையும் இடம் மாற்றினால், கொன்றது யானை என்றும் இறந்தது புலி என்றும் ஆகிவிடும். ஆகவே ஒரு சொல்லை முன்னிறுத்த விரும்பும் ஆங்கிலத்தார் சொல்லை மட்டும் நகர்த்தி அமைதி காண்பது அரிது. பெரும்பாலும் தொடரின் கட்டுமானத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. மேல்நிலை இலக்கணம் கற்பிக்கும் அமைப்புகளிற் பல அத்தேவையிலிருந்து பிறந்தவை.

அவற்றுள் முதலாவது, 'இட்' என்னும் சொல்லை வெற்று எழுவாயாக முன்னிட்டுத் தொடரை இரண்டாகப் பிளப்பது. கபிலர் பாரிமகளிரைக் காத்தார் என்பது நேர்த்தொடர். காத்தவர் பிறரல்லர், கபிலரே என்று சொல்ல வேண்டுமாயின், 'இட் வாஸ் கபிலர் ஹூ' என்று தொடங்கி, காத்த செய்தியைப் பின்னே ஒரு கிளைத்தொடராக நிறுத்துவர். டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஆட்டோ எசுப்பர்சன் 1937இல் வெளியிட்ட தம் தொடரியல் நூலில் இதற்குப் பிளவுத்தொடர் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 

இரண்டாவது, 'வாட்' என்று தொடங்குவது. 'அவன் சோறு கேட்டான்' என்பதை 'அவன் கேட்டது சோறு' என்று ஆக்கும் வகை இது. மூன்றாவது, 'டூ' என்னும் துணைவினையைச் சேர்ப்பது. 'ஐ நோ' என்றால் தெரியும் என்பது செய்தி. 'ஐ டூ நோ' என்றால், தெரியாது என்று கருதியவர்க்கு மறுப்பு. நான்காவது, எதிர்மறைச் சொல்லைத் தொடரின் தலையில் வைத்து, துணைவினையை எழுவாய்க்கு முன்னே கொண்டுவருவது. 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்று தொடங்கும் தொடர்கள் இவ்வகையின. இவையேயன்றிப் பேச்சில் ஒரு சொல்லை மட்டும் ஓங்கி ஒலிப்பதும், அச்சில் அதனைச் சாய்வெழுத்தில் இடுவதும் உண்டு.

இவ்வமைப்புகளுக்கு நேரான தமிழ் வடிவங்களைத் தேடினால் ஓர் உண்மை புலப்படும். 'பாரிமகளிரைக் காத்தவர் கபிலரே' என்னும்போது வினையாலணையும் பெயர் பிளவுத்தொடரின் வேலையைச் செய்துவிடுகிறது. 'அவன் கேட்டது சோறு' என்பது உழவர் வீட்டுத் திண்ணையிலும் கேட்கும் தொடர். 'எனக்குத் தெரியத்தான் செய்யும்' என்பதில், ஆங்கிலத்தின் 'டூ' போலவே தமிழின் 'செய்' துணைவினையாகி நிற்கிறது. இருமொழிகளும் தனித்தனியே ஒரே கருவியைக் கண்டெடுத்திருக்கின்றன. பெண்ணையில் வெள்ளம் பெருகும்போது 'இப்படியொரு வெள்ளத்தைக் கண்டதே இல்லை' என்று முதியவர் ஒருவர் சொன்னால், 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்னும் தொடரின் முழு ஆற்றலும் அங்கிருக்கும் ஓர் ஏகாரத்தில் அடங்கிவிடுகிறது.

ஓரெழுத்தின் ஆட்சி

ஆங்கிலம் தொடரை மாற்றிச் செய்வதைத் தமிழ் பெரும்பாலும் ஓரெழுத்தால் செய்கிறது. அவ்வெழுத்துகளின் ஆட்சியைத் தொல்காப்பியர் இடையியலில் வகுத்துவைத்தார். ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறினார். நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். ஓகாரத்துக்குத் தொல்காப்பியர் கூறிய பொருள் ஆறு; நன்னூலார் கூறியவை எட்டு. உம்மைக்கு இருவருமே எட்டுப் பொருள் கூறினர்.

இவற்றுள் தேற்றமும் பிரிநிலையும் ஊன்றி நோக்கத்தக்கவை. 'இது உண்மையே' என்பது தேற்றம். கேட்பவரின் ஐயத்தை அகற்றித் தெளிவிப்பது. 'அவருள் இவனே வந்தான்' என்பது பிரிநிலை. ஒரு கூட்டத்தினின்று ஒருவனைப் பிரித்துக் காட்டுவது. முன்னது உண்மையின்மேல் ஊன்றுகிறது. பின்னது ஆளின்மேல் ஊன்றுகிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டூ' என்னும் துணைவினையும் பின்னதற்குப் பிளவுத்தொடரும் பயன்படும். அங்கு இருவேறு கட்டுமானங்கள் வேண்டும் இடத்தில் இங்கு ஒரே ஏகாரம் இருவேறு இடங்களில் அமர்ந்து பணிபுரிகிறது.

எழுத்து ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று. தெளிவுப் பொருளில் வரும் ஏகாரமும் சிறப்புப் பொருளில் வரும் ஓகாரமும் அளபெடுத்து இசைக்கும் எனத் தொல்காப்பியர் குறித்துள்ளார். வாய்மொழியின் ஏற்ற இறக்கத்தை அவர் இலக்கணத்துக்குப் புறம்பானதாகக் கருதவில்லை என்பதற்கு இது சான்று.

சிறப்பும்மையின் திறமும் சிறிதன்று. 'கற்றவர்க்கும் விளங்காத கணக்கு' என்றால் உம்மை உயர்ந்தோரைச் சுட்டிக் கணக்கின் அருமையை உணர்த்துகிறது. 'சிறு குழந்தைக்கும் விளங்கும் கணக்கு' என்றால் அதே உம்மை எளிய எல்லையைச் சுட்டிக் கணக்கின் எளிமையை உணர்த்துகிறது. இவற்றை உயர்வு சிறப்பும்மை என்றும் இழிவு சிறப்பும்மை என்றும் உரையாசிரியர்கள் பிரித்தனர். ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் 'ஈவன்' என்னும் தனிச்சொல்லை நாடும். 

இடைச்சொல் தனித்து நடக்கும் ஆற்றல் உடையதன்று. பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்பது தொல்காப்பியர் முடிபு. இதனை விளக்க இவ்வூர் மரபே துணைநிற்கும். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடங்கொண்ட இடைகழியில், நான்காமவர் ஒருவரின் நெருக்கத்தை மூவரும் உணர்ந்தனர் என்பர். அந்த நான்காமவரை எவரும் கண்ணால் காணவில்லை, நெருக்கத்தால் அறிந்தனர். இடைச்சொல்லும் அவ்வாறே தனக்கென இடம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லின்மேல் அது தரும் அழுத்தமே அதன் இருப்புக்குச் சான்று.

அழுத்தம் இடம் மாறினால்

இவையெல்லாம் புலவர்க்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் அல்ல. வழக்காடு மன்றத்தில் ஒரு சாட்சி நிற்பதாகக் கொள்ளலாம். ஒருவன் கதவைத் திறந்தான் என்பது நிகழ்ச்சி. அதனை அச்சாட்சி பலவாறு சொல்ல முடியும்.

'அவன் கதவைத் திறந்தான்' என்பது வெறும் செய்தி. 'அவன்தான் கதவைத் திறந்தான்' என்பது பிறரை விலக்கி அவனைக் குற்றவாளியாக்குவது. 'அவனும் கதவைத் திறந்தான்' என்பது குற்றத்தைப் பங்கிடுவது. 'அவனே கதவைத் திறந்தான்' என்பது ஏவுவோர் இன்றித் தானாகத் திறந்தான் என்றும் பொருள்படும். பிறனல்லன் என்றும் பொருள்படும். 'அவன் கதவைத்தான் திறந்தான்' என்பது வேறொன்றும் செய்யவில்லை என்று அவனைக் காப்பது. 'அவன் கதவைத் திறக்கத்தான் செய்தான்' என்பது ஒன்றை ஒப்புக்கொண்டு, வேறொன்றைச் சொல்லக் காத்திருப்பது. 'அவனா கதவைத் திறந்தான்?' என்பது மறுப்பு. நிகழ்ச்சி ஒன்றே; தீர்ப்போ ஒன்றாக இருக்க இயலாது.

அரசமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியம் மேல்முறையீட்டில் சென்னைக்குச் செல்லும்போது ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. அப்போது மேற்கூறிய தொடர்கள் அனைத்தும் 'அவன் கதவைத் திறந்தான்' என்னும் ஒரே ஆங்கிலத் தொடராகச் சுருங்கிவிடுமாயின், இழப்பு இலக்கணத்துக்கு மட்டும் அன்று. ஒரு மனிதனின் விடுதலைக்கும் ஆகும்.

சுருங்குவதினும் கொடியது திரிவது. தமிழர் பேசும் ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்னும் சொல் 'தான்' என்பதன் வேலையை ஏற்றுவருகிறது. 'அவன்தான் கதவைத் திறந்தான்' என்று கருதுபவர் 'ஹீ ஒன்லி ஓப்பன்ட் த டோர்' என்கிறார். தமிழ் அறியாத ஆங்கிலத்தார் அதனை 'அவன் கதவைத் திறக்க மட்டுமே செய்தான். வேறெதுவும் செய்யவில்லை' என்று கொள்வார். குற்றச்சாட்டாகப் புறப்பட்ட சொல் காப்புரையாகப் போய்ச் சேர்கிறது. பேசியவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் பிழையாகவும் கேட்கவில்லை. அழுத்தம் மட்டும் ஒரு பெயரினின்று ஒரு வினைக்கு நகர்ந்துவிட்டது. 'இட் வாஸ் ஹீ ஹூ' என்னும் பிளவுத்தொடரை வாய்பாடாக ஒப்பித்த மாணவர், அது தம் நாவில் புழங்கும் 'தான்' என்னும் சொல்லின் ஆங்கில வடிவம் என்று அறிந்திருந்தால் இத்திரிபு நேராது. 

மறுதலையான திரிபும் உண்டு. ஆங்கிலத்தினின்று தமிழாக்கும் சிலர் பிளவுத்தொடரை எலும்பு மாறாமல் பெயர்க்கின்றனர். 'அது கபிலர்தான், யார் பாரிமகளிரைக் காத்தாரோ அவர்' என்பது போன்ற தொடர்கள் அச்சேறுகின்றன. சொற்கள் தமிழ், நடை தமிழன்று. 'காத்தவர் கபிலரே' என்னும் இரு சொல்லில் முடியும் செய்தி ஆறு சொல்லில் தள்ளாடுகிறது. வடிவத்தைப் பெயர்ப்பவர் வேலையை மறந்துவிடுகின்றனர்.

கபிலர் அழுத்தும் முறை

கபிலர் பாரியைப் பாடிய பாடல்களுள், புறநானூற்றின் 107ஆம் பாட்டு நான்கே அடிகள் உடையது. புலவர் பலரும் பாரியின் பெயரையே அடுக்கிச் சொல்லி அவன் ஒருவனையே புகழ்கின்றனர். உலகைக் காப்பவன் அவன் ஒருவன் மட்டும் அல்லன், மழையும் இருக்கிறது என்பது அதன் கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் கபிலர் பாரியின் பெருமையைக் குறைக்கிறார். மழையோடு ஒட்டிவரும் உம்மையை நோக்கினால் உண்மை விளங்கும். எச்சவும்மை ஒத்த பொருள்களையே இணைக்கும். மழையையும் பாரியையும் ஓர் உம்மையால் இணைத்த அளவிலேயே பாரி மழைக்கு நிகராகிவிடுகிறான். பிற புலவர்கள் பலமுறை பெயரைச் சொல்லி எய்தாத உயரத்தைக் கபிலர் ஓர் இடைச்சொல்லால் எய்துவிக்கிறார். உரக்கச் சொல்வதற்கும் பிரித்து நிறுத்துவதற்கும் உள்ள வேற்றுமையை இப்பாட்டினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

112ஆம் பாட்டுப் பாரிமகளிருடையது, ஐந்தடிகளால் ஆனது. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் தம்முடையதாய் இருந்தது. இத்திங்களின் நிலவில் பகைவேந்தர் குன்றையும் கொண்டனர், தந்தையும் இல்லை என்பது அதன் பொருள். முதற்பகுதியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக நிற்க, இரண்டாம் பகுதியில் குன்று முன்னும் தந்தை பின்னுமாக நிற்கின்றனர். இந்த முறைமாற்றத்தால் தந்தையின் இழப்பு பாட்டின் இறுதிக்கு வந்து சேர்கிறது. மகளிர் அழுததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. இழப்பின் மிகுதியைச் சுட்ட அடைமொழியும் இல்லை. வரிசையே அழுகிறது.

இதனை ஆங்கிலமாக்குவோர்க்கு ஓர் இடர் காத்திருக்கிறது. தமிழ்த்தொடர் வினையில் முடிவது. ஆகவே பாட்டின் கடைசிச் சொல் 'இல்லை' என்னும் பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் இல்லாமையைக் குறிக்கும் சொல் முன்னே வந்துவிட, கடைசிச் சொல்லாகத் தந்தையே நிற்க நேர்கிறது. தமிழில் பாட்டு வெறுமையில் முடிகிறது. ஆங்கிலத்தில் இழந்தவன் பெயரில் முடிகிறது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து 1967இலும் 1985இலும் நூல்களாக வெளியிட்ட ஏ.கே. இராமானுசன், இவ்விரு மொழிகளின் தொடரமைப்பும் கண்ணாடியில் தெரியும் எதிருருப் போன்றவை என்று தம் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் விளக்கினார். அதனால்தான் அவர் அடிகளைப் படிப்படியாகத் தாழ்த்தியும் இடைவெளி விட்டும் அச்சிட நேர்ந்தது. சொல்வரிசை தர மறுத்த அழுத்தத்தை வெற்றிடத்தால் பெற முயன்றார் எனலாம்.

சேதிபன் சொன்ன சொல்

வலியுறுத்தலின் உச்சத்தைக் காண இவ்வூர் அரசர் வரலாற்றுக்கே செல்ல வேண்டும். சேதிநாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிய அடியவன் வேடத்தில் வந்தான். ஆகம நூல் கொணர்ந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்தான். ஓலைச் சுவடிக் கட்டினுள் மறைத்த படையால் அரசரைக் குத்தினான். அவன் நுழைந்தபோதே ஐயுற்ற மெய்க்காவலன் தத்தன் பாய்ந்து வாளை ஓங்கினான். குருதி சோர விழும் அரசர், கையால் தடுத்து, குத்தியவன் தம்மைச் சேர்ந்தவன் என்றார். தத்தன் அவனை ஊர்மக்களின் சினத்தினின்றும் காத்து எல்லைக்கு அப்பால் விட்டுவந்து சொன்னபின்பே அரசர் உயிர் பிரிந்தது.

அரசர் சொன்ன சொல்லை இருவர் இருவிதமாகப் பதிந்துள்ளனர். சேக்கிழார்க்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில், உறவைச் சுட்டும் அச்சொல்லோடு ஏகாரம் சேர்த்துப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் அவ்வேகாரத்தை நீக்கி, தத்தனை விளிக்கும் பெயரையும் உறவைச் சுட்டும் பெயரையும் மட்டும் வைத்தார். வினையும் இல்லை, தேற்றமும் இல்லை, பிரிநிலையும் இல்லை.

யாப்பின் தேவை என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஒதுக்காமல் எண்ணிப் பார்ப்பவர்க்கு இரண்டும் தத்தம் இடத்தில் பொருந்துவது விளங்கும். நம்பி பாடியது ஒரு வரலாற்றை ஒரே பாட்டில் சுருக்கிச் சொல்லும் அந்தாதி. பொய்த்தவத்தோன் எப்படி நம்மவனாவான் என்னும் ஐயம் கேட்பவர் உள்ளத்தில் எழும். அந்த ஐயத்தைத் தீர்க்கத் தேற்றம் வேண்டும், ஏகாரம் அமர்ந்தது. சேக்கிழாரோ நிகழ்ச்சியின் நடுவே நிற்கிறார். வாள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அரசர் விழுந்துகொண்டிருக்கிறார். 'நம்மவரே' என்று ஏகாரம் இட்டால், நம்மவர் அல்லர் என்னும் எதிர்க்கூற்று ஒன்று உண்டு என்பதை அரசர் உள்ளமும் ஏற்றதாகிவிடும். தேற்றம் என்பது ஐயத்துக்கு விடை. ஐயமே இல்லாதவர்க்குத் தேற்றம் எதற்கு? சேக்கிழார் காட்டும் அரசருக்கு அந்த வேடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆகவே வெறும் பெயரே போதுமானதாயிற்று. தத்தனின் வாள் நின்றது.

வலியுறுத்தும் கருவிகள் அனைத்தையும் அறிந்த மொழியில், அவற்றுள் எதையும் எடுக்காமல் நிற்பதும் ஒரு வலியுறுத்தல். ஆனால் ஏகாரம் இடத்தெரிந்தவர் ஏகாரம் இடாதபோதே அவ்வெறுமை பேசும்.

கவிஞர்க்கும் ஆசிரியர்க்கும்

தமிழ்க்கருவி ஓரெழுத்தேயாதலின் செலவு தெரிவதில்லை. அதனால் வீண்செலவும் மிகுதி. ஆங்கிலத்தார் பிளவுத்தொடர் ஒன்றை அமைக்கக் கட்டுமானத்தை மாற்ற வேண்டியிருப்பதால், தேவையா என்று ஒருமுறையேனும் எண்ணுகின்றனர். தமிழில் அடிதோறும் ஏகாரமும் தானும் வந்து விழுகின்றன. அவை போதாவென்று, அச்சுக்கலையோடு மேலைநாட்டினின்று வந்த வியப்புக்குறியும் வரிசையாக நிற்கிறது. எல்லாச் சொல்லும் அழுத்தப்படும் பாட்டில் எச்சொல்லும் அழுத்தப்படுவதில்லை. பிறவற்றினின்று பிரித்து நிறுத்தப் பிற வேண்டுமன்றோ?

தொல்காப்பியர் அடுக்குத்தொடர்க்கும் வரம்பு கட்டினார். விரைவு குறித்து அடுக்கும் சொல் மூன்றைக் கடவாது. இசைநிறைக்க அடுக்குவது நான்கைக் கடவாது. பாம்பைக் கண்டு பதறுபவனின் வாய்க்கும் இலக்கணம் எல்லை கண்டது என்றால், எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்க நேரமுள்ளவர்க்கு எல்லை இல்லாதிருக்குமா?

கவிஞர்கள் தம் பாட்டை மும்முறை சோதிக்கலாம். முதலாவது, ஏகாரத்தையோ தானையோ நீக்கிப் படித்துப் பார்ப்பது. பொருள் மாறாவிடில் அது ஓசைக்கு வந்த விருந்து. ஓசைக்கும் தேவையில்லை எனின் விடைகொடுத்துவிடலாம். இரண்டாவது, எதனினின்று பிரிக்கிறது என்று கேட்பது. 'நிலவே அழகு' என்று எழுதியவர், அழகில்லை என்று விலக்கப்பட்டது எது என்று சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாதாயின் அப்பிரிநிலை பொய்ப்பிரிநிலை. மூன்றாவது, வரிசை மாற்றத்தால் பெறக்கூடிய அழுத்தத்தை இடைச்சொல்லால் பெற முயல்கிறதா என்று பார்ப்பது. பாரிமகளிர் பாட்டு அதற்கு உரைகல்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிளவுத்தொடரின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன், 'அவன்தான் திறந்தான்', 'அவனும் திறந்தான்', 'அவன் கதவைத்தான் திறந்தான்' என்னும் மூன்றையும் எழுதி, இவற்றின் வேற்றுமை யாது என்று மாணவரைக் கேட்டால் போதும். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவரும் தயங்காமல் விடைசொல்வார். தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே ஆங்கிலம் வேறு வழியில் செய்கிறது என்று கண்டபின், அச்சம் நீங்கிவிடும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின், இப்பகுதியில் கல்வி பெறுவோர்க்கு இத்தகைய துணையை உள்ளூரிலேயே நல்குவது இலக்கிய அமைப்புகளுக்கும் உரிய கடமை. தாய்மொழி இலக்கணத்தைத் தடையாகக் காட்டாமல் படிக்கட்டாகக் காட்டும் பணிக்கு, இலக்கணமும் கவிதையும் ஒருங்கே அறிந்த இவ்வட்டத்தினரினும் தக்கவர் அரியர்.

மொழிபெயர்ப்போர் முதலில் கேட்கவேண்டிய வினா, இத்தொடரின் வடிவம் என்ன என்பதன்று. இத்தொடர் எதனைப் பிரித்து நிறுத்துகிறது என்பதே. விடை கிடைத்தபின் வடிவத்தை அந்தந்த மொழியிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தொடரைப் பிளக்க வேண்டுமா, துணைவினை சேர்க்க வேண்டுமா என்பதை ஆங்கிலம் சொல்லும். தமிழில் ஏகாரமா, உம்மையா, வரிசையா என்பதைத் தமிழ் சொல்லும்.

பத்தாண்டு என்பது இலக்கிய அமைப்புக்குச் சிறிய காலமன்று. பல கவிதைகள் இங்கு அரங்கேறியிருக்கும். பல சொற்கள் கைதட்டல் பெற்றிருக்கும். இனிவரும் ஆண்டுகளில், கைதட்டலுக்காக அழுத்தப்படும் சொல்லைக் காட்டிலும், நீக்கினால் பொருள் சாயும் சொல்லையே இவ்வட்டத்துக் கவிஞர்கள் நாடுவார்களாக. ஓரெழுத்தின் எடையறிந்து வழங்கும் அவையாக இவ்வட்டம் நீடு வாழ்க.